படிவத்தில் இன்னொரு வரி

மளிகைக் கடைக்குப் பில் போடும் நிரல் ஒன்றில், பொருளின் பெயர், அளவு, விலை ஆகியவற்றுக்கான கட்டங்களும், அவற்றின் கீழே ‘இன்னொரு வரி’ என்ற பொத்தானும் இருப்பது சாதாரண விஷயமே. எனினும், வருகிறவர் இரண்டு சாமான் வாங்குவாரா இருபது வாங்குவாரா என்பது நிரல் எழுதுகிறவருக்கு முன்கூட்டித் தெரியாதாகையால், நிரல் ஓடிக்கொண்டிருக்கும்போதே பிறக்கும் அந்தக் கட்டங்களை அவர் எப்படி வைத்துக் காக்கிறார் என்பதில்தான் அவருடைய விவேகம் வெளிப்படுகிறது.

பைத்தானில் இத்தகைய காரியத்துக்குப் பலரும் முதலில் நாடுவது, அம்மொழியுடனேயே கிடைக்கும் டிகின்டரை. பெர்க்லி சர்வகலாசாலையில் ஜான் ஔஸ்டர்ஹவுட் 1988-இல் தொடங்கிய டிக்கிள் மொழிக்கென அவரே பின்னர் இயற்றிய டிகே என்ற தொகுதிக்கும், பைத்தானுக்கும் நடுவே நிற்கும் துபாஷி அது. திரையில் தெரியும் கட்டம் டிகேயின் வசம் இருக்கிறது. பைத்தானிடம் இருப்பதோ அதைச் சுட்டும் பிடி மட்டுமே. ஆகவே, சுழற்சிக்குள் ஒரே பெயரை ஒவ்வொரு கட்டத்துக்கும் மாற்றி மாற்றிச் சூட்டினால், திரையில் பத்துக் கட்டங்கள் நிற்க, நிரலின் பிடியில் கடைசிக் கட்டம் ஒன்றே எஞ்சும். இதற்குப் பரிகாரமாக, கட்டம்1, கட்டம்2 என்று பெயர்களையே ஓட்டத்தின் நடுவே சிருஷ்டிக்கும் தந்திரத்தைச் சிலர் சிலாகிக்கிறார்கள். எனக்கு அதில் சிறிதும் சம்மதமில்லை. பட்டியல் ஒன்றில் சேர்த்து வைத்தால் தீர்ந்துபோகும் காரியத்துக்கு இவ்வளவு ஆடம்பரம் எதற்கு?

ஆனால் பட்டியலும் தனியே போதாது என்பது, வரியை நீக்கும் சந்தர்ப்பத்தில்தான் தெரியவரும். வரி பிறக்கும்போதே அதன் நீக்கும் பொத்தானில் வரிசை எண்ணைப் பதித்து வைத்தோமானால், மூன்றாம் வரி நீங்கி நான்காம் வரி மூன்றாம் ஸ்தானத்துக்கு ஏறிய பின்பும், அதன் பொத்தான் பழைய எண்ணையே நம்பிக்கொண்டிருக்கும்; வாடிக்கையாளர் வேண்டாமென்ற சர்க்கரை பில்லில் நிற்க, வேண்டிய பருப்பு மறைந்துபோகும். நிரல் முறிந்து நின்றால் யாராவது கவனிப்பார்கள். இதுவோ பிழைச்செய்தி ஒன்றும் காட்டாமலே நடந்துவிடும். திரையிலிருந்து அழித்த கட்டத்தைப் பட்டியலிலிருந்து எடுக்க மறந்தாலோ, கூட்டுத்தொகை போடும்போது டிகே பிழையென்று மறுத்துவிடும். இரண்டில் இதுவே மேல்.

ஆதலால், ஒவ்வொரு வரியையும் தன் கட்டங்களையும் தன் நீக்கும் பொத்தானையும் தானே உடைய தனிப் பொருளாக ஒரு வகுப்பின் மூலம் அமைத்து, அப்பொருள்களை மட்டும் பட்டியலில் வைத்து, எண் எதையும் பதிக்காமல், நீங்கவேண்டிய வரி தன்னையே சுட்டிக்காட்டும்படி செய்வதே உத்தமம் என்பது என் அபிப்பிராயம். சிறிய நிரலுக்கு வகுப்பு எதற்கு என்பார்கள். இரண்டே வரியுள்ள பில்லிலும் தவறான வரி நீங்கக்கூடும் அல்லவா? ஒவ்வொரு வரிக்கும் ஃபிரேம் என்னும் தனிச் சட்டகம் கொடுத்தால், ஃபிரேமை அழித்தவுடன் உள்ளிருப்பவையும் கூடவே அழிந்துவிடுகிற சௌகரியம் உண்டு. ஆயினும் கிரிட் என்னும் ஒழுங்குமுறை ஒரே ஃபிரேமுக்குள் இருப்பவற்றை மட்டுமே நேர்படுத்துமாகையால், கட்டங்களின் அகலத்தை எல்லா வரிகளிலும் ஒன்றாக நிர்ணயிக்க வேண்டியிருக்கும். அல்லது, அனைத்தையும் ஒரே ஃபிரேமில் வைத்து, ஒரு வரியின் கட்டங்களை அழித்ததும் எஞ்சியவற்றுக்கு ஸ்தானங்களை மறுபடி அளிக்கலாம். தலைப்புகளின் கீழே பத்திகள் நேராக நிற்பதைக் கடைக்காரர் பெரிதாக மதிப்பாராகில், கொஞ்சம் அதிகப் பிரயாசை ஆனாலும், நான் இதையே தேர்ந்துகொள்வேன்.