பழைய காருக்குக் கிளச் போடலாமா?

ஐம்பது, அறுபது வருஷத்துக் கார் வைத்திருப்பவர்களை இரண்டு கட்சியாகப் பிரித்துவிடலாம். கம்பெனியில் இருந்து எப்படி வந்ததோ அப்படியே இருக்க வேண்டும், ஒரு ஸ்க்ரூகூட மாறக்கூடாது என்பது ஒரு கட்சி. வண்டி என்றால் ஓட வேண்டும், ஓடுவதற்கு என்ன தேவையோ அதைப் போடு என்பது இன்னொரு கட்சி. இந்த இரண்டும் அதிகம் முட்டிக்கொள்ளும் இடம் கியர்பாக்ஸ். ஆட்டோமேட்டிக் கியரோடு வந்த பழைய அமெரிக்கக் காரில் அதைக் கழற்றிவிட்டு, ஹைட்ராலிக் கிளச் வைத்த மேனுவல் கியர் போடலாமா கூடாதா?

சமதளத்தில் உட்கார்ந்து பேசினால் இதற்கு முடிவே வராது. முள்ளுக்குறிச்சியில் நின்று பேச வேண்டும்.

ராசிபுரம், நாமகிரிப்பேட்டை வழியாக வருபவர்களுக்குக் கொல்லிமலையின் அடிவாரம் முள்ளுக்குறிச்சி. இங்கிருந்தும் மேலே ஒரு பாதை போகிறது. அந்தப் பக்கம் காரவள்ளியில் இருந்து சோளக்காடு போகும் பாதையில் எண்ணி 70 கொண்டை ஊசி வளைவுகள். எந்தப் பக்கம் போனாலும் ஏறத்தாழ 1,000 மீட்டர் உயரம் ஏற வேண்டும். அதைவிட முக்கியம், அதே உயரம் இறங்கவும் வேண்டும்.

இறக்கத்தில் என்ன நடக்கிறது?

ஒரு சின்னக் கணக்கு. பெரிய அமெரிக்கக் கார், உள்ளே நாலு பேர், மொத்தம் 2 டன் என்று வைத்துக்கொள்ளலாம். அது 1,000 மீட்டர் இறங்கும்போது வெளிப்படும் ஆற்றல் சுமார் 1 கோடியே 96 லட்சம் ஜூல். கரண்ட் பில் கணக்கில் சொன்னால் ஐந்தரை யூனிட்டுக்குக் கொஞ்சம் குறைவு. 1,000 வாட் ஹீட்டர் ஒன்றை ஐந்து மணி நேரத்துக்கு மேல் எரிய விட்டால் வரும் சூடு. கீழே வந்து சேர்வதற்குள் இந்தச் சூடு முழுவதும் எங்காவது போய்த்தான் ஆக வேண்டும்.

போவதற்கு முக்கியமாக இரண்டு வழி. ஒன்று பிரேக், இன்னொன்று இஞ்சின். 1960களின் பெரும்பாலான கார்களில் நாலு சக்கரத்திலும் டிரம் பிரேக்தான். டிரம் சூடேறினால் விரியும், லைனிங்கின் பிடிப்பு குறையும். பெடலை எவ்வளவு மிதித்தாலும் வண்டி நிற்காது. அதனால்தான் லாரி டிரைவர்கள் தலைமுறை தலைமுறையாக ஒரு பாடம் சொல்கிறார்கள்: ஏறின கியரிலேயே இறங்கு. அந்தச் சூட்டில் பெரும்பங்கை இஞ்சின் வாங்கிக்கொள்ளும், பிரேக்குக்கு மூச்சு கிடைக்கும்.

ஆட்டோமேட்டிக் அடிபடுவது இங்கேதான். ஜெனரல் மோட்டார்ஸின் ஹைட்ரா-மேட்டிக் 1940 மாடல் ஓல்ட்ஸ்மொபைலில் வந்தது. செவர்லேயின் பவர்கிளைடு 1950இல் வந்தது. இம்பாலா போன்ற படகு மாதிரிக் கார்கள் பலவற்றில் இருந்தது இந்தப் பவர்கிளைடு. அதில் முன்னால் போக இரண்டே கியர். கீழ் கியரின் விகிதம் 1.8ஐ ஒட்டி இருக்கும். அதே காலத்து நாலு கியர் மேனுவலில் முதல் கியர் 2.5ஐ ஒட்டி இருக்கும். இதோடு, ஆட்டோமேட்டிக்கில் இஞ்சினுக்கும் கியருக்கும் நடுவே இருப்பது எண்ணெய். டார்க் கன்வர்ட்டர் கொஞ்சம் வழுக்கும். அமெரிக்காவின் நேரான நெடுஞ்சாலைக்கு இது சொகுசு. கொண்டை ஊசி வளைவில், பிடி விடுகிற கை!

மேனுவல் கியர் போட நினைப்பவரின் ஆசை வெறும் ஸ்டைலுக்காக மட்டும் இல்லை என்று இதிலிருந்தே புரியும்.

ஏன் ஹைட்ராலிக்?

கிளச்சை இயக்க மூன்று வழி உண்டு: கம்பியும் லீவரும், கேபிள், எண்ணெய் அழுத்தம். ஆட்டோமேட்டிக்காக வந்த காரில் கிளச் பெடலே கிடையாது என்பதால் எல்லாமே புதிதாகப் போட வேண்டும். கம்பி வைத்தால் அதற்கு நேர் வழி வேண்டும். வலது பக்க ஸ்டியரிங் உள்ள காரில் அந்த வழியில் ஸ்டியரிங் பாக்ஸ் இருக்கும், சைலன்சர் குழாய் இருக்கும். ஏற்றத்தில் இஞ்சின் மவுண்ட்டில் ஆடும்போது கம்பியும் சேர்ந்து ஆடும், கிளச் வெட்டி வெட்டிப் பிடிக்கும். ஹைட்ராலிக்கில் இந்தத் தலைவலி இல்லை. குழாயை எப்படி வேண்டுமானாலும் வளைத்துக் கொண்டுபோகலாம்.

அளவு மட்டும் பொருந்த வேண்டும். மாஸ்டர் சிலிண்டரின் உள்விட்டம் 19 மி.மீ., ஸ்லேவ் சிலிண்டர் 22 மி.மீ. என்று வைத்தால், மாஸ்டர் 25 மி.மீ. நகரும்போது ஸ்லேவ் சுமார் 18.6 மி.மீ. நகரும். விசை 1.34 மடங்கு கூடும். ஸ்லேவை இன்னும் பெரிதாக்கினால் கால் லேசாகும், ஆனால் கிளச் முழுதாக விலகாமல் கியர் கரகரக்கும். கிடைத்த சிலிண்டரைப் போட்டு ஒப்பேற்றுகிற இடம் இது இல்லை.

“பழைய காரில் ஹைட்ராலிக் கிளச்சா, அது இந்தக் காலத்துச் சமாச்சாரம் ஆச்சே” என்று முதல் கட்சிக்காரர்கள் சொல்லக்கூடும். தமிழ்நாட்டிலேயே அதற்குப் பதில் இருக்கிறது. சென்னையில் ஸ்டாண்டர்ட் மோட்டார் புராடக்ட்ஸ் 1961 முதல் தயாரித்த ஸ்டாண்டர்ட் ஹெரால்டு, இங்கிலாந்தின் டிரையம்ஃப் ஹெரால்டின் இந்திய வடிவம். அதில் இருந்ததே ஹைட்ராலிக் கிளச்தான். காலத்துக்குப் பொருந்தாது என்ற வாதம் இங்கே நிற்காது.

என்னென்ன மாற வேண்டும்?

கியர்பாக்ஸை மட்டும் மாற்றினால் முடிந்தது என்று நினைப்பவர்கள்தான் பாதியில் பணம் தீர்ந்து நிற்கிறார்கள். ஆட்டோமேட்டிக்கின் மெல்லிய தகட்டுக்குப் பதிலாகக் கனமான ஃப்ளைவீல் வேண்டும். கிளச் பிளேட், பிரஷர் பிளேட், ரிலீஸ் பேரிங், ஃபோர்க், அவற்றை மூடும் பெல் ஹவுசிங் வேண்டும். கிராங்க் முனையில் பைலட் பேரிங் உட்கார வேண்டும். ஆட்டோமேட்டிக்குக்கென்று வந்த சில இஞ்சின்களில் அந்தத் துளை கடையப்பட்டே இருக்காது. ப்ரொப்பெல்லர் ஷாஃப்டின் நீளம் மாறும், மாற்றினால் பேலன்ஸ் பார்க்க வேண்டும். பெடல், கியர்பாக்ஸைத் தாங்கும் குறுக்குச் சட்டம், ஸ்பீடோமீட்டர் கேபிள், ரிவர்ஸ் லைட் ஸ்விட்ச்.. பட்டியல் நீளும். கியர் விழுந்திருக்கும்போது ஸ்டார்ட் ஆகாமல் தடுக்கும் ஸ்விட்சைக் கிளச் பெடலுக்கு மாற்றாமல் விட்டால், ஒருநாள் வண்டி சுவரில் போய் நிற்கும்.

ஆனால் நாமக்கல் மாவட்டத்தில் இருப்பவருக்கு ஒரு வசதி உண்டு. லாரி பாடி கட்டுவதற்குப் பேர்போன ஊர் அது. லேத் பட்டறைக்கும் வெல்டிங் கைக்கும் பஞ்சம் இல்லை. அதோடு, ஹைட்ராலிக் கிளச் இன்றைய லாரிகளிலும் வேன்களிலும் பரவலாக இருப்பது. ஏர் எடுக்கவும் ரப்பர் கிட் மாற்றவும் சின்ன ஊர் மெக்கானிக்குக்கும் தெரியும். 1960களின் பவர்கிளைடைப் பிரித்துச் சேர்க்கத் தெரிந்தவரைத் தேடிப் பார்க்கட்டும், வித்தியாசம் புரியும்.

லாப நஷ்டக் கணக்கு

காமர்ஸ் பாடத்தில் ஒரு விஷயம் சொல்லித் தருவார்கள். ஏற்கெனவே செலவாகிவிட்ட பணத்தைப் பார்த்து அடுத்த முடிவை எடுக்கக்கூடாது. பழைய கார்க்காரர்கள் பலர் செய்வது அதைத்தான். “இவ்வளவு போட்டாச்சு, இதையும் போடுவோம்” என்று கியர்பாக்ஸ் மாற்றுவார்கள், பிரேக் பழையபடியே கிடக்கும். மலைக்குப் போகிற வண்டிக்கு முதல் ரூபாய் பிரேக்குக்குத்தான் போக வேண்டும். டிரம், லைனிங், வீல் சிலிண்டர், ஹோஸ், புது பிரேக் ஆயில். அதற்குப் பிறகு மிச்சம் இருந்தால் கிளச்.

இரண்டாவது, திரும்பப் பெற முடிகிற முடிவும் முடியாத முடிவும் ஒன்றல்ல. போல்ட்டில் மாட்டியதைக் கழற்றலாம். வெட்டிய தரையை ஒட்டினாலும் தழும்பு இருக்கும். ஆகவே சேஸிஸையும் பாடியையும் வெட்டாமல் முடிகிற வேலையாக இருந்தால் மட்டும் தொடங்க வேண்டும். கழற்றின ஆட்டோமேட்டிக்கைக் காயலான் கடைக்குப் போடாமல், எண்ணெய் பூசி, சீட்டு எழுதிக் கட்டி, காரோடு சேர்த்தே வைக்க வேண்டும். அது அந்தக் காரின் சொத்து. விற்கும்போது வாங்குபவரிடம் மறைக்காமல் சொல்லி, அதையும் கையில் கொடுக்க வேண்டும்.

சட்டம்?

1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு வண்டியில் செய்யும் மாற்றங்களைக் கட்டுப்படுத்துகிறது. தயாரிப்பாளர் சொன்ன விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்ற முடியாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் சொல்லியிருக்கிறது. 2021இல் வந்த விதிப்படி, 50 வருஷம் தாண்டிய கார் ‘விண்டேஜ்’ பதிவு பெற வேண்டுமானால் சேஸிஸ், பாடி, இஞ்சினில் பெரிய மாற்றம் இருக்கக்கூடாது. அந்தப் பதிவு வாங்கிய வண்டியை அன்றாடப் பயன்பாட்டுக்கு ஓட்டவும் கூடாது. எனவே ஸ்பானரை எடுக்கும் முன் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் எழுத்தில் கேட்டு, எழுத்தில் பதில் வாங்குவது நல்லது.

முடிவாக..

கண்காட்சிக்கும் கல்யாண ஊர்வலத்துக்கும் மட்டும் போகிற காரா? ஆட்டோமேட்டிக்கைத் தொடவே வேண்டாம். அது அந்தக் காலத்தின் சாட்சி, அப்படியே இருக்கட்டும். குடும்பத்தை ஏற்றிக்கொண்டு மலைக்குப் போகப்போகிற காரா? பிரேக்கைச் சரிசெய்து, அனுமதி கேட்டு, வெட்டாமல் ஒட்டாமல் கிளச் போடுவதில் ஒரு பாவமும் இல்லை. ஷெட்டில் தூசி மூடிக் கிடக்கும் சுத்தமான காரைவிட, ஒரு பெடல் கூடுதலாக வைத்துக்கொண்டு பத்திரமாக இறங்கி வரும் காருக்கு மரியாதை அதிகம்.

சந்தேகம் இருப்பவர்கள் முள்ளுக்குறிச்சியில் ஒரு மணி நேரம் நின்று, மலையில் இருந்து இறங்கி வரும் லாரிகளின் சத்தத்தைக் கேட்கட்டும். பிரேக் கிறீச்சிடும் சத்தத்தைவிட இஞ்சின் உறுமும் சத்தம்தான் அதிகம் கேட்கும்.