எட்டு லாடமும் ஒரு கொறடும்

தை 5-ம் தேதி மணலூர்பேட்டை தென்பெண்ணையாற்றில் திருவிழா. திருவண்ணாமலையிலிருந்து அண்ணாமலையார் தீர்த்தவாரிக்கு இங்கே எழுந்தருள்வார். இப்போது கூட்டம் பஸ்ஸிலும் பைக்கிலும் வந்து இறங்குகிறது. ஒரு காலத்தில் சுற்றுப்பக்க ஊர்க்காரர்கள் வண்டி கட்டிக்கொண்டு வந்த விழா இது. வண்டிமாடு கப்பிச்சாலையிலும் தார்ச்சாலையிலும் குளம்பு தேயாமல் நடக்க வேண்டுமானால் லாடம் வேண்டும். லாடம் அடிப்பவரின் சாக்குப்பையில் கயிறு, சுத்தியல், உளி, ஆணி டப்பா எல்லாம் இருக்கும். அவற்றோடு, கைபட்டுக் கைபட்டு மெருகேறிய ஒரு கொறடும் கிடக்கும்.

அகராதியில் குறடு, பேச்சில் கொறடு, ஹார்டுவேர் கடையில் பின்சர். (சட்டமன்றத்துக் கொறடாவுக்கும் இதற்கும் உறவில்லை. அது சாட்டை என்ற பொருளில் வந்த சொல்.) வீட்டில் இருக்கும் கட்டிங் பிளேயருக்கு மூக்கு முன்னால் நீண்டிருக்கும், வெட்டும் வாய் பக்கவாட்டில் உள்ளே தள்ளி இருக்கும். கொறடுக்கு மூக்கே கிடையாது. நண்டுக் கொடுக்குபோல் இரண்டு பக்கமும் வளைந்து வந்து, நுனியிலேயே வாய் கூடுகிறது. அதனால் மரத்தின் மேலோ குளம்பின் மேலோ படுக்க வைத்து, ஆணியை அடியோடு கவ்வ முடிகிறது.

குதிரைக்கு நாலு லாடம் போதும். மாட்டுக்குக் குளம்பு பிளந்திருப்பதால் காலுக்கு இரண்டாக மொத்தம் எட்டு. மாட்டைக் கயிறு போட்டுச் சாய்த்து, கால்களைச் சேர்த்துக் கட்டிய பிறகு முதலில் கொறடுக்குத்தான் வேலை. பழைய லாடத்தைக் கழற்ற வேண்டும். அவசரக்காரர்கள் லாடத்தின் விளிம்பைக் கவ்வி ஒரே இழுப்பாக இழுப்பார்கள். லாடம் வந்துவிடும், கூடவே குளம்பின் ஓரமும் பிய்ந்து வரும். ஆணியின் நுனி குளம்புச் சுவரில் வெளியே வந்து மடங்கியிருக்கிறதல்லவா, அந்த மடிப்பை முதலில் உளியால் நிமிர்த்த வேண்டும். அதன் பிறகுதான் ஆணியின் தலையைக் கவ்வுவது. ஓரம் பிய்ந்துபோனால் புது லாடத்துக்கு ஆணி இறக்க இடம் இருக்காது. மாடு பல வாரம் வேலையில்லாமல் நிற்க வேண்டியதுதான்.

புது லாடம் அடிக்கும்போது ஆபத்து வேறு விதம். குளம்பின் வெளிச்சுவர் நம் நகம் மாதிரி, வலி தெரியாது. உள்பக்கம் உயிருள்ள சதை. ஆணி வெளிச்சுவருக்குள்ளேயே சாய்வாக ஏறி, பக்கவாட்டில் எட்டிப்பார்க்க வேண்டும். கொஞ்சம் உள்ளே திரும்பினாலும் மாடு உடம்பை உதறும்.

"இன்னாண்ணா, உயிர்ல ஏறிடுச்சா?"

"நீ தலையப் புடி தம்பி. பேசாத."

அந்த நேரத்தில் தயங்காமல் கொறடால் கவ்வி, போன வழியே ஆணியை வெளியே எடுத்துவிட வேண்டும். எடுத்த ஆணியில் ரத்தம் இருக்கிறதா என்று பார்ப்பார்கள். இருந்தால் அந்தத் துளையில் மறுபடி ஆணி கிடையாது. காயத்துக்கு மருந்து போட்டு, மாடு காலை ஊன்றத் தயங்கினால் கால்நடை மருத்துவரிடம் காட்டியாக வேண்டும். அப்படியே விட்டால் உள்ளே சீழ் பிடித்து, உழவும் வண்டியும் நின்றுவிடும்.

சரியாக ஏறிய ஆணிக்கும் கொறடுதான் கடைசி வேலையைச் செய்கிறது. வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் நுனியை வெட்டிவிட்டு, மிச்சத்தைத் தட்டி மடக்க வேண்டும். ஒட்ட வெட்டினால் மடக்க எதுவும் மிஞ்சாது, லாடம் சீக்கிரமே கழன்று விழும். நீளமாக விட்டால் நடக்கும்போது அடுத்த காலைக் கிழிக்கும். இரண்டு மூன்று மில்லிமீட்டர் கணக்கு. இதை அளவுகோல் வைத்து யாரும் பார்ப்பதில்லை, கண்ணளவுதான்.

இதே கொறடு வீட்டில் பழைய கதவு, பலகை, கட்டில் கால் என்று எல்லாவற்றிலும் ஆணி பிடுங்கும். ஆனால் பல பேர் அதைக் கயிறு இழுக்கிற மாதிரி நேராக இழுக்கிறார்கள். ஆணி வராது, வந்தால் ஆள் மல்லாந்து விழுவார். அதன் தலை வளைவாக இருப்பதே உருட்டுவதற்காக. ஆணியை அடியில் கவ்வி, கைப்பிடியை ஒரு பக்கமாகச் சாய்த்தால் வளைவு மரத்தின் மேல் உருளும், ஆணி கொஞ்சம் எழும்பும். மறுபடி அடியில் கவ்வி, மறுபடி சாய்க்க வேண்டும். நீள ஆணிக்கு மூன்று நான்கு தடவை. மரத்தில் பள்ளம் விழாமலிருக்க அடியில் ஒரு தகரத் துண்டோ சில்லுப் பலகையோ வைத்தால் போதும். பின்பக்கம் மடங்கிய ஆணியென்றால் இங்கேயும் மடிப்பை நிமிர்த்திய பிறகுதான் கவ்வ வேண்டும்.

பிடுங்குவதும் வெட்டுவதும் ஒரே வாயால் நடப்பதால் கை அழுத்தத்தில் கவனம் வேண்டும். எட்டு அங்குலக் கொறடில் கைப்பிடியின் கோடியைப் பிடித்து அழுத்தினால், வாயில் அந்த விசை ஏறக்குறைய ஆறு மடங்காகிவிடும். அதிகம் அழுத்தினால் தலை மட்டும் துண்டாகி, ஆணி மரத்துக்குள்ளேயே நின்றுவிடும். அப்புறம் மரத்தைக் குடைய வேண்டியதுதான். வாய் கொஞ்சம் மழுங்கிய பழைய கொறடு பிடுங்கவும், கூரான புதுசு வெட்டவும் என்று இரண்டு வைத்துக்கொள்ளும் தச்சர்கள் விவரமானவர்கள்.

கட்டுக்கம்பி, செம்புக்கம்பி, சாதாரண இரும்பாணி இவற்றைக் கொறடு சுலபமாக வெட்டும். சுவரில் அடிக்கும் கான்கிரீட் ஆணி கடினப்படுத்திய எஃகு. அதை வெட்டப்போனால் கொறடின் வாய்தான் பெயரும். வெட்டுப்பட்ட துண்டு எந்தப் பக்கம் பறக்கும் என்று சொல்ல முடியாது. கண்ணாடி போட்டுக்கொள்வது நல்லது. மேலே ஒரு துணியைப் போட்டு வெட்டினால் துண்டு அதற்குள்ளேயே விழும். குழந்தைகள் சுற்றி நின்று வேடிக்கை பார்க்கிற நேரத்தில் இந்த வேலை வேண்டாம். கைப்பிடி வெறும் இரும்பு, அதனால் மின்கம்பிப் பக்கம் கொண்டுபோகவே கூடாது.

வேலை முடிந்ததும் நல்ல லாடக்காரர் கயிற்றை உடனே சுருட்டுவதில்லை. மாட்டை எழுப்பிப் பத்தடி நடக்கவிட்டு, நடையைப் பார்க்கிறார். பிறகு குனிந்து, பிடுங்கிய பழைய ஆணிகளையும் வெட்டி விழுந்த நுனிகளையும் மண்ணிலிருந்து பொறுக்கி டப்பாவில் போட்டுக்கொள்கிறார்.