எழுதப்பெறாத அரசியரும் எழுத வேண்டிய நாமும்

மறைந்துபோன அரசியரின் வாழ்வை இன்று எழுதி ஆகப்போவது யாது என வினவுவோர் நம்மிடையே உளர். பிழைப்புக்கு வழி தேடும் காலத்தில் பழங்கதை எதற்கு என்பது அவர்தம் வாதம். மற்றொரு சாராரோ, எழுதத்தான் வேண்டுமெனில் குறையொன்றும் கூறாது புகழ்ந்து எழுதுக. பெரியோரைப் பற்றிப் பேசுங்கால் ஆய்வு எதற்கு என்பர். முன்னவர் வரலாற்றைப் புறக்கணிக்கின்றனர். பின்னவர் அதனைப் பாடாண்திணை ஆக்கிவிடுகின்றனர். இவ்விரு கொள்கைகளும் தமிழாசிரியர் உள்ளத்திலேயே குடிகொண்டிருத்தலால், இரண்டையும் மறுத்தல் என் கடன் எனக் கொள்கிறேன்.

அரசனின் மனைவியாக வாழ்ந்தவளைப் போலப் பழிக்கு எளிதில் இலக்காகுபவர் வேறு எவரும் இலர். அரசன் நல்லது செய்தால் அது அவன் பெருமை. தீது செய்தால் அவனைக் கெடுத்தவள் மனைவி. அவன் இறந்தபின் அவள் ஆட்சிப் பொறுப்பை ஏற்றாலோ, அவள் ஒழுக்கமே முதலில் ஐயுறப்படும். அரசனுக்கு மெய்க்கீர்த்தி உண்டு, போர்ப்பரணி உண்டு. அவளுக்கோ, பெரும்பாலும், அரியணையில் அரசனோடு உடன் வீற்றிருந்தாள் என்ற ஒரு தொடரே எஞ்சும். அந்த வெற்றிடத்தில் வதந்தி புகுந்து குடியேறும். அதனை வெளியேற்றும் ஆற்றல் சான்றோடு எழுதப்பெற்ற வாழ்க்கை வரலாற்றுக்கே உண்டு. இஃது என் கற்பனையன்று. ஜான்சி அரசியின் வரலாறு இதற்குச் சான்று.

காசியில் பிறந்த மணிகர்ணிகை, 1842இல் ஜான்சி மன்னர் கங்காதர ராவை மணந்து இலட்சுமிபாய் ஆனார். 1853 நவம்பரில் மன்னர் இறந்தார். இறப்பதற்கு முதல்நாள் அவர் தத்தெடுத்த சிறுவன் தாமோதர ராவை வாரிசாக ஏற்க மறுத்து, டல்ஹௌசி 1854இல் ஜான்சியைக் கம்பெனி ஆட்சியோடு இணைத்தார். 1857 ஜூன் திங்களில் சிப்பாய்கள் கிளர்ந்தெழுந்தபோது, கோட்டையிலிருந்து வெளிவந்த ஏறத்தாழ 60 ஐரோப்பியர், பெண்களும் குழந்தைகளும் உட்படக் கொல்லப்பட்டனர். அக்கொடுமைக்கு ஆணையிட்டவர் அரசியே என ஆங்கிலேயர் முடிவு கட்டினர். படையுடன் சென்ற மருத்துவர் தாமஸ் லோ 1860இல் வெளியிட்ட நூலில், விவிலியம் கூறும் கொடிய அரசி ஜெசபெல்லின் பெயரையே அவருக்குச் சூட்டினார். 1858 ஜூனில் குவாலியர் அருகே போர்க்களத்தில் உயிர்நீத்த அவரை, எதிர்த்துப் பொருத தளபதி ஹியூ ரோஸே கிளர்ச்சியாளருள் தலைசிறந்த வீரரென ஒப்புக்கொண்டார். எனினும் வீரம் ஒப்புக்கொள்ளப்பட்டதேயன்றிக் கொலைப்பழி நீங்கவில்லை.

பந்தேல்கண்டு மக்கள் அவரைத் தம் நாட்டுப்பாடல்களில் போற்றி வந்தனர் என்பது உண்மை. அதனை மறைத்து, நூலொன்றே அனைத்தையும் செய்தது என வாதிட நான் வரவில்லை. ஆனால் பாடல் அன்பைக் காக்கும். குற்றச்சாட்டுக்கு விடை கூறாது. விடை கூறும் பணியை மேற்கொண்டவர் தத்தாத்ரேய பல்வந்த் பாரஸ்னிஸ் என்னும் மராத்தி அறிஞர். 1894இல், தம் இருபத்துநான்காம் அகவையளவில், அரசியின் வாழ்க்கை வரலாற்றை அவர் மராத்தியில் வெளியிட்டார். அரசி கொலையில் பங்கு கொள்ளவில்லை என்று ஆங்கிலேயர் ஒருவர் 1889இல் தாமோதர ராவுக்கு எழுதிய மடலை அந்நூலில் எடுத்துக்காட்டினார். பழியைச் சுமத்தியவர்களின் இனத்தார் ஒருவரின் வாய்மொழியைக் கொண்டே பழியை எதிர்த்த நுட்பத்தை நோக்குக. அயலார் ஆட்சி உச்சத்தில் இருந்த காலத்தில், அதன் எதிரியென அறியப்பட்ட ஒரு பெண்ணுக்காக இளைஞரொருவர் இவ்வாறு வழக்காடினார்.

வழக்கு அத்துடன் முடிந்ததோ? இல்லை. அரசி வேறு வழியின்றியே போரில் இறங்கினார் என்ற கருத்துப்பட பாரஸ்னிஸ் எழுதியிருந்தார். அதனை விருந்தாவன்லால் வர்மா ஏற்கவில்லை. அவர் விரும்பியே விடுதலைக்குப் போராடினார் என நிறுவ எண்ணி, 1946இல் இந்தியில் புதினம் படைத்தார். 1956இல் மகாசுவேதா தேவி வங்காளத்தில் எழுதிய தம் முதல் நூலும் ஜான்சி அரசியின் வரலாறேயாகும். அதற்காக அவர் அப்பகுதிகளுக்கே சென்று மக்கள் வாய்மொழிகளைத் திரட்டினார். 1957இல் சுரேந்திரநாத் சென் 1857ஆம் ஆண்டு நிகழ்ச்சிகளை ஆராய்ந்தபோது, படுகொலை நடந்த சில நாட்களிலேயே அரசி ஆங்கில ஆணையர் எர்ஸ்கினுக்கு எழுதிய மடல்களையும் கருதிப் பார்த்து, குற்றச்சாட்டு நிலைபெறாது எனக் கண்டார். ஒருவர் எழுத, மற்றொருவர் மறுக்க, மூன்றாமவர் புதுச் சான்று கொணர, ஒரு நாட்டின் எண்ணம் படிப்படியாக மாறிற்று. வாழ்க்கை வரலாறு என்பது இறுதித் தீர்ப்பன்று. வழக்கை மீண்டும் திறக்கும் மனு. எவரேனும் அம்மனுவை எழுதினாலன்றி, இறந்தவளுக்காக எந்த அவையும் கூடாது.

ஜொகூர் மாநிலத்துக் கடலோரச் சிற்றூராகிய மெர்சிங்கில் தமிழ் கற்பிப்பவனுக்கு ஜான்சியின் கதை எதற்கு என்று கேட்பீராயின், விடை நம் தோட்டப்புறங்களிலேயே உள்ளது. 1943 ஜூலையில் சிங்கப்பூர் வந்து தலைமையேற்ற நேதாஜி சுபாஷ் சந்திர போஸ், பெண்களுக்கெனப் படைப்பிரிவொன்று அமைத்து அதற்கு ஜான்சி ராணியின் பெயரைச் சூட்டினார். அவ்வாண்டு அக்டோபரில் அதன் பயிற்சி முகாம் சிங்கப்பூரில் தொடங்கிற்று. தலைமை தாங்கியவர் தமிழகத்தில் பிறந்த மருத்துவர் கேப்டன் இலட்சுமி. கோலாலம்பூர் ஜானகி தேவர் போன்ற வசதியுடைய இல்லத்துப் பெண்களோடு, இரப்பர்த் தோட்டங்களில் பால் வெட்டிய தமிழ்ப் பெண்களும் திரளாக அதில் சேர்ந்தனர். ஜான்சியை அவர்களுட் பலர் கண்டதில்லை. அவ்வரசியின் மொழியையும் அறிந்திலர். எனினும் அப்பெயரைத் தாங்கித் துப்பாக்கி ஏந்தினர். கொலைகாரி எனப் பழிக்கப்பட்ட ஒருத்தியின் பெயர், ஒரு நூற்றாண்டு முடியுமுன்னர், மலாயாத் தமிழ்ப்பெண் தலைநிமிர்ந்து ஏற்கும் பெயராயிற்று. பாடியவர்களும் எழுதியவர்களும் இடையறாது உழைத்திராவிடில் இம்மாற்றம் நேர்ந்திருக்குமா? எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

இனி, புகழ்ந்தே எழுதுக என்பாரை நோக்கிச் சில சொல்வேன். ஆங்கில அரசி விக்டோரியாவின் கணவர் ஆல்பர்ட் 1861இல் காலமானார். அயல்நாட்டார் என்று மக்கள் அவரை முழுமனத்தோடு ஏற்றதில்லை. அவ்வெண்ணத்தை மாற்ற விழைந்த அரசி, தியோடர் மார்ட்டின் என்பவரைக் கொண்டு அவர் வரலாற்றை எழுதுவித்தார். 1875 முதல் 1880 வரை ஐந்து பெருந்தொகுதிகள் வெளிவந்தன. செல்வமும் ஆவணமும் அரசியின் துணையும் இருந்தும் விளைந்தது என்ன? லிட்டன் ஸ்ட்ரேச்சி 1921இல் எழுதிய விக்டோரியா வரலாற்றில் அதனை எடுத்துரைக்கின்றார். குறையே இல்லாத ஒருவரின் உருவத்தைக் கண்ட மக்கள் அவரை நேசிக்கவில்லை. முகம் திருப்பிக்கொண்டனர் என்பது அவர் கருத்து. அதே ஸ்ட்ரேச்சி, ஆல்பர்ட்டின் தனிமையையும் ஓயா உழைப்பையும் அயர்வையும் சில பக்கங்களில் காட்டியபோது, படிப்போர் உள்ளம் அவர்பால் இரங்கிற்று. மனைவியின் பெருங்காதல் ஐந்து தொகுதிகளில் செய்ய இயலாததை, உண்மை சில பக்கங்களில் செய்தது. புகழ்மாலை இறந்தவர்க்கு அணியன்று. அவரை மீண்டும் ஒருமுறை புதைக்கும் மண்.

தமிழ்நாட்டில் நாம் செய்திருப்பது யாது? மதுரை நாயக்க மன்னர் சொக்கநாதரின் மனைவி மங்கம்மாள். 1682இல் கணவர் மறைந்தார். 1689இல் மகன் அரங்ககிருஷ்ண முத்துவீரப்பரையும் பெரியம்மைக்குப் பறிகொடுத்தார். பச்சிளம் பேரன் விஜயரங்க சொக்கநாதனின் பெயரால், 15 ஆண்டுகளுக்கு மேலாக நாட்டைக் காத்தார். முகலாயர் வலிமையறிந்து திறை செலுத்திப் போரைத் தவிர்த்தார். திருவிதாங்கூர் மீது படை செலுத்தினார். 1702இல் இராமநாதபுரத்துக் கிழவன் சேதுபதியோடு பொருது தோற்றார். சாலை அமைத்தார், சத்திரம் கட்டினார். திருச்சிராப்பள்ளி நத்தர்வலி தர்காவுக்கு 1701இல் மானியம் ஈந்தார். மதுரைத் தொடர்வண்டி நிலையத்தின் எதிரே இன்றும் அவர் பெயரால் சத்திரம் நிற்கின்றது. அவர் அரண்மனையாக இருந்த தமுக்கம் மாளிகையில் 1959 முதல் காந்தி அருங்காட்சியகம் இயங்குகின்றது.

இத்துணையும் கல்லிலும் செம்பிலும் கட்டடத்திலும் இருக்க, மக்கள் நாவில் நிற்பது எது? அமைச்சரோடு அவருக்குத் தகாத உறவு இருந்தது என்பதும், பேரனே அவரைச் சிறையிட்டுக் கண்முன் உணவை வைத்து எட்டாதபடி செய்து பட்டினியால் கொன்றான் என்பதுமே. இடக்கையால் வெற்றிலை மென்ற பாவம் தீரவே அறம் செய்தார் என்ற கதையும் உண்டு. அதாவது, அவர் செய்த நன்மைக்குக்கூட ஒரு குற்றத்தைக் காரணம் கற்பித்தாலன்றி நம் மனம் அமைவதில்லை! ஆணொருவன் சாலை அமைத்தால் அவன் கொடையாளி. கைம்பெண் அமைத்தால் கழுவாய். இக்கதைக்கு அவர் காலத்துச் சான்று எது என்று வகுப்பில் கேட்ட ஆசிரியர் எத்தனை பேர்? 1924இல் சத்தியநாத ஐயர் மதுரை நாயக்கர் வரலாற்றை ஆங்கிலத்தில் எழுதி, கல்வெட்டையும் ஏசுசபையார் மடல்களையும் திரட்டித் தந்தார். அத்திரட்டு நம் கையருகே இருந்தும், நாம் மாணவர்க்குச் சொல்வது கதையை. படிக்கச் செய்வது புதினத்தை. நா. பார்த்தசாரதியும் அவரைப் பற்றிப் புதினம் எழுதியுள்ளார். புதினம் தன் கடமையைச் செய்கின்றது. அதன்மேல் எனக்கு வழக்கில்லை. புதினத்தையே வரலாறென நம்பவிடும் ஆசிரியர்மேல்தான் வழக்கு. இராமநாதபுரத்தில் தோற்ற தோல்வியையும் மறையாது, சான்றில்லாப் பழியையும் ஏற்காது எழுதும் நூல் ஒன்று நம் பள்ளி நூலகந்தோறும் இருந்திருப்பின், மங்கம்மாளுக்கும் ஜான்சி அரசிக்குக் கிடைத்த நீதி கிடைத்திருக்கும்.

குறை எங்கே தொடங்குகின்றது? நம் வகுப்பறையில் தொடங்குகின்றது. தலைவர் ஒருவரைப் பற்றிக் கட்டுரை வரைக என்றால் நம் மாணவர்க்கு ஓர் அச்சு உண்டு: பிறப்பு, இளமை, தொண்டு, மறைவு, முடிவுரை. பெயரை மாற்றினால் எவர்க்கும் பொருந்தும் சட்டை அது. யூ.பி.எஸ்.ஆர். தேர்வு 2021இல் நிறுத்தப்பட்டது. தேர்வுக்கென நாம் வார்த்த அச்சு மட்டும் உடையவில்லை. அக்கட்டுரையில் ஐயத்திற்கு இடமில்லை, எதிர்வாதம் இல்லை, இதனை எவ்வாறு அறிந்தாய் என்ற வினா இல்லை. பத்து வயதில் இவ்வாறு பழகியவன் ஐம்பது வயதில் வாழ்க்கை வரலாறு எழுதினால், அது மலர்வளையமாக அமையுமேயன்றி நூலாக அமையாது. யார் கூறினும் அதன் உண்மையைத் தேர்ந்து காண்பதே அறிவு என வகுத்த வள்ளுவரை மனப்பாடம் செய்விக்கிறோம். தேர்ந்து காணும் பயிற்சியை மட்டும் தருவதில்லை.

ஆசிரியப் பயிற்சி பெற்றவர்க்கு இதனை மாற்றுதல் அரிதன்று. மங்கம்மாளைப் பற்றிய கதையொன்றையும், கல்வெட்டுச் செய்தியொன்றையும், ஏசுசபையார் மடலொன்றின் சுருக்கத்தையும் மாணவர்முன் வைத்து, இவற்றுள் எதனை நம்புவாய், ஏன் என வினவுக. இலட்சுமிபாய் கொலைக்கு உடன்பட்டாரா என ஒரு வழக்காடு மன்றம் நடத்துக. இரு தரப்பும் சான்றோடு பேசட்டும். ஐந்தாம் வகுப்பு மாணவனுக்கும் இது இயலும். இடைநிலைப்பள்ளி மாணவனுக்கு இது கடமையே ஆகும். இதற்கு வேண்டுவது புதுப் பாடநூலன்று. வினவத் துணிந்த ஆசிரியர்.

இன்னொன்றையும் கூறாது விடேன். ஜான்சி படைப்பிரிவிலிருந்த நம் பெண்களின் வரலாற்றை விரிவாக ஆராய்ந்து ஜாய்ஸ் லெப்ரா 2008இலும், வேரா ஹில்டப்ராண்ட் 2016இலும் ஆங்கிலத்தில் நூல் எழுதினர். கடல்கடந்து வந்த அயலார், நம் பாட்டிமாரின் வாசலில் அமர்ந்து கேட்டெழுதிச் சென்றனர். அவர்க்கு நன்றி, நமக்கு நாணம். கேப்டன் இலட்சுமி 2012இல் மறைந்தார். ஜானகி ஆதி நாகப்பன் 2014இல் மறைந்தார். தோட்டத்து லயங்களிலிருந்து சென்று திரும்பிய பெயரறியாப் பெண்களுள் பெரும்பாலோர் அவர்களுக்கும் முன்னரே சென்றுவிட்டனர். எஞ்சியிருப்பன பேரப்பிள்ளைகளின் நினைவும், பெட்டிக்குள் மங்கும் நிழற்படமும், சில மடல்களும். அவையும் அழிந்தபின் நாம் எழுதப் புகுந்தால் நமக்குக் கிடைப்பது மீண்டும் கதையே.

ஓர் அரசியின் பழியைத் துடைக்க ஓர் இளைஞரின் எழுதுகோல் முன்வந்தது. மங்கம்மாளுக்காக எழுதுகோல் எடுக்க வேண்டியவர் மராத்தியிலிருந்தோ இலண்டனிலிருந்தோ வரமாட்டார். அவர் இன்று நம் வகுப்பில், மூன்றாம் வரிசையில் அமர்ந்திருக்கக்கூடும். அவர் கையில் நாம் கொடுக்கப்போவது புகழுரை அச்சையா, சான்று தேடும் துணிவையா என்பதே இன்று நம்முன் உள்ள வினா. இதற்கு விடை தர வேண்டியவர் அமைச்சும் அல்லர், அதிகாரியும் அல்லர். நாளை காலை கரும்பலகை முன் நிற்கப்போகும் நாமே.