கொவனன்டை விடுங்கோ, லீனா எங்க?

ஸ்டீவன் டொனால்ட்சனின் 'லோர்ட் ஃபௌல்ஸ் பேன்' 1977இல் வந்த நாவல். தோமஸ் கொவனன்ட் தொடரின் முதல் புத்தகம். இதை வாசிச்ச ஆக்கள் அண்டையிலிருந்து இண்டைவரை இரண்டு கட்சி. ஒண்டு, பாதியில் எறிஞ்ச கட்சி. மற்றது, "எறிஞ்சவைக்கு இலக்கியம் விளங்காது" எண்டு சொல்லுற கட்சி. எனக்கு இரண்டு கட்சியோடயும் பிரச்சினை இருக்கு. கதையை உடைச்சுத்தான் கதைக்கப் போறன், வாசிக்காத ஆக்கள் கோவிக்காதேங்கோ.

கொவனன்ட் ஒரு எழுத்தாளன். தொழுநோய் வருகுது, இரண்டு விரல் போகுது, மனைவி பிள்ளையோட போயிடுறாள், ஊர் ஒதுக்குது. பிறகு வேறொரு உலகத்தில் கண் முழிக்கிறான். லீனா எண்ட பதினாறு வயதுப் பெட்டை அவனுக்கு வைத்தியம் செய்கிறாள். செத்த நரம்புகளுக்கு உணர்ச்சி திரும்புது. அவன் அவளை வல்லுறவு செய்கிறான். இவன்தான் கதாநாயகன்.

"கதாநாயகன் கெட்டவன், அதால புத்தகமும் கெட்டது" எண்டுறது வாதமே இல்லை. அப்பிடிப் பார்த்தால் சிலப்பதிகாரத்தை எப்பவோ கடலில போட்டிருக்க வேணும். கோவலனை ஆருக்குப் பிடிக்கும்? ஆனால் அந்த இடத்தோட புத்தகத்தை மூடினவையை நான் குறை சொல்ல மாட்டன். வாசிப்பு ஒண்டும் சோதனை இல்லை, முடிச்சே ஆகவேணும் எண்டுறதுக்கு.

எனக்குக் கோபம் வாறது அவனுக்காக வழக்காடுற ஆக்களிலதான். அவையின்ர முதல் நியாயம்: அவன் அந்த உலகத்தைக் கனவு எண்டு நினைச்சான். நினைக்கட்டும். லீனாவுக்கு அது கனவில்லையே. இரண்டாவது: நோயும் தனிமையும் அவனை அப்பிடி ஆக்கிப் போட்டுது. இது இன்னும் மோசம். மட்டக்களப்பு வாவிக்குள்ள மாந்தீவில் தொழுநோயாளருக்கெண்டு தனி ஆஸ்பத்திரி வைச்ச நாடு எங்கட. ஒதுக்கப்பட்ட சனம் எவ்வளவோ பேர் ஒருத்தரையும் சிதைக்காமல் வாழ்ந்து முடிச்சிருக்கினம். டொனால்ட்சனின்ர தகப்பன் இந்தியாவில் தொழுநோயாளருக்கு வைத்தியம் பார்த்த மருத்துவர். மகன் அந்த வாழ்க்கையைக் கிட்ட நிண்டு பார்த்துத்தான் கொவனன்டை எழுதினார். அவன் தன்ர கை கால்களைக் காயம் பட்டிருக்கோ எண்டு திரும்பத் திரும்பச் சோதிக்கிற பக்கங்கள் அருமை. ஆனால் அந்த வேதனை குற்றத்துக்குச் சாட்டு ஆகாது.

மூண்டாவது நியாயம் கொஞ்சம் பலமானது: புத்தகம் அந்தக் குற்றத்தை மறக்கேல்லை. உண்மைதான். விசயம் தெரிஞ்ச பிறகும், உலகத்தைக் காப்பாத்துற செய்தி போய்ச் சேரவேணும் எண்டதுக்காக, லீனாவின் தாய் அத்தியாரன் அவனுக்கு வழிகாட்டி நடக்கிறாள். அந்தப் பயணம் முழுக்க வாசிக்கிறவருக்குக் கழுத்தை நெரிக்கும். இரண்டாம் புத்தகத்தில் அந்த வல்லுறவில் பிறந்த மகள் எலேனா அவனுக்கு முன்னால வந்து நிக்கிறாள். மிகைப்புனைவில் பழியை இவ்வளவு தூரம் காவிக்கொண்டு போன கதைகள் குறைவு.

ஆனால் கணக்கு ஆற்ற பெயரில எழுதப்பட்டிருக்கு எண்டு பாருங்கோ. லீனாவின் அழிவு கொவனன்டின் குற்றவுணர்ச்சிக்கு விறகு. நாற்பது வருசத்துக்கு மேல கழிச்சு மூண்டாம் புத்தகத்தில் அவளைத் திரும்பக் காணுறம். மனம் பேதலிச்ச கிழவி. தன்னைச் சிதைச்சவனையே காதலனெண்டு காத்திருக்கிறாள். கடைசியில் அவனைக் காப்பாத்தப் போய்ச் சாகிறாள். அவளுக்குக் கோபப்படக் கூட டொனால்ட்சன் இடம் குடுக்கேல்லை. கோவலனின் கதையில் கண்ணகிக்கு ஒரு அரசவை கிடைச்சுது, சிலம்பை உடைச்சு வழக்குக் கேட்க. லீனாவுக்கு என்ன கிடைச்சுது?

இரண்டு கட்சியும் இவ்வளவு காலமும் கொவனன்டைப் பிடிக்குமா பிடிக்காதா எண்டே அடிபட்டதில், லீனா ஆற்ற வாயிலயும் வரேல்லை. இது நாவலில மட்டும் நடக்கிற விசயமும் இல்லை. ஒரு பெடியன் தப்புச் செய்தால் ஊரே அவன்ர எதிர்காலத்தைப் பற்றித்தான் கவலைப்படும். அவன் எவ்வளவு சிக்கலான ஆள், எவ்வளவு வருந்தினவன் எண்டு கதைக்க ஆள் இருக்கும். அந்தப் பெட்டை பிறகு என்ன ஆனாள் எண்டு கேட்க ஆள் இராது.

புத்தகத்தை வாசியுங்கோ, வாசிக்காமலும் விடுங்கோ. வாசிச்சால் லீனாவின் பக்கத்தில நிண்டு வாசியுங்கோ. டொனால்ட்சன் எங்க துணிஞ்சார், எங்க வழுக்கினார் எண்டது அங்க நிண்டால்தான் தெரியும்.