90 நாள்களும் 31 ஆண்டுகளும்

திருவொற்றியூரிலிருந்து வரும் மாணவர் ஒருவர், "ஒரே இரவில் பார்த்து முடித்துவிட்டேன் ஐயா, நீங்களும் பாருங்கள்" என்று சொன்னதால் 'தி ஹண்ட்' தொடரைப் பார்த்தேன். நாகேஷ் குக்குனூர் இயக்கி, 2025 ஜூலையில் சோனி லிவ் தளத்தில் வெளிவந்தது. ராஜீவ் காந்தி கொலையைத் துப்புத் துலக்கிய சிறப்புப் புலனாய்வுக் குழுவும் அதன் தலைவர் டி.ஆர். கார்த்திகேயனும் ஒருபுறம், ஒற்றைக்கண் சிவராசன் மறுபுறம். 1991 மே 21 இரவு திருப்பெரும்புதூரில் குண்டு வெடிக்கிறது. அங்கேயே மாண்டுபோன புகைப்படக்காரரின் காமிராவிலிருந்த படங்கள் முதல் தடயமாகின்றன. ஏறத்தாழ 90 நாள்கள் கழித்துப் பெங்களூரை அடுத்த கோணனகுண்டேயில் சிவராசன் பிணமாகக் கிடக்கிறார். மாணவரின் உறக்கம் கெட்டதில் வியப்பில்லை.

என் மனக்குறை வேறு. சிவராசனும் தணுவும் சுபாவும் அந்த மே மாதத்தில் தங்கியிருந்தது எங்கள் தண்டையார்பேட்டைக்கு மேற்கே உள்ள கொடுங்கையூரில். இத்தகைய கதைகளில் அவ்வூர் காவல்துறை கதவைத் தட்டும் ஒரு முகவரி மட்டுமே. அப்போது நான் பள்ளிச் சிறுவன். எங்கள் தெருவில் ஓர் ஈழத் தமிழ்க் குடும்பம் குடியிருந்தது. ஜூன் மாதத்தில் ஒருநாள் வீட்டுக்காரம்மா முன்பணத்தைத் திருப்பிக் கொடுத்து, "தப்பா நினைச்சுக்காதீங்க" என்றார். அவர்கள் மறுநாளே போய்விட்டார்கள். எங்கே போனார்கள் என்று எவரும் கேட்கவில்லை. நாங்களும் கேட்கவில்லை.

வேட்டை முடிந்த பிறகு நடந்ததுதான் உண்மையில் பெரிய கதை. 1998 ஜனவரியில் பூந்தமல்லி தடா நீதிமன்றம் 26 பேருக்கும் தூக்குத் தண்டனை விதித்தது. 1999 மே மாதம் உச்ச நீதிமன்றம் அவர்களில் 19 பேரை விடுவித்தது. அது மட்டுமன்று, இக்கொலை தடா சட்டம் வரையறுக்கும் பயங்கரவாதச் செயல் ஆகாது என்றும் கூறியது. ஆயினும் அதே சட்டத்தின் கீழ்க் காவல்துறை அதிகாரி முன் அளிக்கப்பட்ட ஒப்புதல் வாக்குமூலங்கள் சான்றாக ஏற்கப்பட்டன. 19 வயதில் கைதான பேரறிவாளன் அவ்வகையில்தான் தூக்கு மேடையின் நிழலுக்கு வந்தார். பேட்டரி எதற்கென்று தமக்குத் தெரியாது என அவர் சொன்னதைத் தாம் பதிவு செய்யாமல் விட்டதாக, வாக்குமூலம் வாங்கிய அதிகாரியே 2013இல் கூறினார். பேரறிவாளன் விடுதலையானது 2022 மே மாதத்தில்.

கொலையின் கொடூரத்தை நான் குறைத்துரைக்கவில்லை. அன்று ராஜீவோடு மாண்டவர்களில் பணியிலிருந்த காவலர்களும் உண்டு. அவர்களுக்கான நீதி, சரியான ஆளைச் சரியான சான்றோடு தண்டிப்பதில்தான் இருக்கிறது. விறுவிறுப்புக் கதைக்கு இந்தப் பொறுமை கிடையாது. அங்கே வாக்குமூலம் என்பது உச்சக்கட்டம். நீதிமன்றத்திலோ அது ஐயத்தின் தொடக்கம். பயங்கரவாதி என்ற சொல்லை முதல் காட்சியிலேயே ஒட்டிவிட்டால், அந்த ஐயத்துக்கு இடமே இல்லாமல் போகிறது.

சுஜாதாவின் கணேஷும் வசந்தும் காவலர்கள் அல்லர், வழக்கறிஞர்கள் என்பதை இங்கே நினைவுகூரத் தோன்றுகிறது. தமிழ் வாசகர் மிகவும் நேசித்த துப்பறிவாளர்கள், 'இது கோர்ட்டில் நிற்குமா?' என்று கேட்கும் தொழிலைச் சேர்ந்தவர்கள். வெகுஜன எழுத்திலேயே நமக்கு வாய்த்திருந்த அந்தக் கேள்வியை இன்றைய திரை இழந்துவிட்டது என்றே நினைக்கிறேன்.

மாணவரிடம் 19 பேர் விடுதலையானதைச் சொன்னேன். சிறிது நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "அந்த எட்டு வருஷம் அவங்க எங்க ஐயா இருந்தாங்க?" என்றார். அடுத்த தொடரை எவரேனும் எடுப்பதாக இருந்தால், இந்தக் கேள்வியிலிருந்து தொடங்கலாம்.