குறி தப்பினால் குற்றம் யாருடையது?

(இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி., இயற்பியல்)

ஸ்பெக்ட்ரோமீட்டர் முன் ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்து, குறுக்குக் கம்பியைத் தேடி அலுத்தவர்களுக்காகவே இதை எழுதுகிறேன். இக்கட்டுரையில் ஒரு துப்பாக்கி வருகிறது, பயப்பட வேண்டாம். அதிலிருந்து புறப்பட்ட குண்டு கடைசியில் வந்து தைத்தது நம் ஆய்வுக்கூடத்தில்தான்.

எங்கள் வீடு குமணன்சாவடியில், பூந்தமல்லி நெடுஞ்சாலையிலிருந்து உள்ளே ஒதுங்கிய ஒரு சந்தில் இருக்கிறது. அப்பா கொத்தனார். குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். ஆகையால் தெருவில் மிக்சி ஓடாவிட்டாலும், மின்விசிறி சுற்றாவிட்டாலும் 'சயின்ஸ் படிக்கிற தம்பி'க்குத்தான் அழைப்பு வரும். சென்ற கோடை விடுமுறையில் பக்கத்து வீட்டு மாமா கூப்பிட்டது ஒரு காற்றுத் துப்பாக்கிக்காக.

மாமாவுக்கு அறுபத்தெட்டு வயது. கண்ணில் புரை நீக்கிய பிறகு துப்பாக்கியின் குறிமுள் மங்கலாகத் தெரிகிறது என்று, அவர் மகன் ஒரு ஸ்கோப் வாங்கிப் பொருத்திக் கொடுத்திருந்தார். கொல்லைச் சுவரோரம் மணல் மூட்டை அடுக்கி, அதன்மேல் அட்டை வைத்துப் பத்து மீட்டரிலிருந்து சுடுவார். குண்டு ஒன்று மேலே போகும், அடுத்தது இடப்பக்கம், மூன்றாவது அட்டையிலேயே இராது.

"கண்ணு போச்சு தம்பி. இனிமே எனக்கெதுக்கு இது? யாருக்காச்சும் குடுத்துடலாம்னு பாக்கறேன்" என்றார். அவர் ஸ்கோப்பைச் சந்தேகிக்கவே இல்லை என்பதைக் கவனியுங்கள். தம்மையே சந்தேகித்தார்.

நான் உடனே பேனாவை எடுத்தேன். ஸ்கோப்பின் குமிழை ஒரு 'க்ளிக்' திருகினால் கால் நிமிடக் கோணம் நகரும். நூறு மீட்டரில் அது சுமார் 7 மில்லிமீட்டர். பத்து மீட்டரில் 0.7 மில்லிமீட்டர்தான். குண்டு ஐந்து சென்டிமீட்டர் விலகியிருந்தால் ஏறக்குறைய எழுபது க்ளிக் திருக வேண்டும். திருகினேன். குண்டு வலப்பக்கம் போயிற்று. திரும்பத் திருகினேன். மேலே போயிற்று. மாலைக்குள் குமிழ் கடைசிவரை போய் முட்டிக்கொண்டது. வேடிக்கை என்னவென்றால், என் கணக்கில் பிழையே இல்லை!

வேலை முடிந்து ரசமட்டமும் கையுமாக வந்த அப்பா வேலியோரம் நின்று பார்த்தார். "என்னடா, குண்டு எங்க போவுதோ அங்கெல்லாம் நீயும் பின்னாடியே போற? மொதல்ல எது ஆடுதுன்னு பாரு" என்றார். பிறகு ரசமட்டத்தைக் காட்டி, "இதுவே சந்தேகமா இருந்தா தலைமாடு கால்மாடா திருப்பி வெச்சுப் பாப்போம். குமிழி அதே எடத்துல நின்னா செவுரு மேல தப்பு. எடம் மாறினா மட்டத்து மேல தப்பு" என்றார். மூன்றாம் வகுப்போடு நின்றவர் அவர். முறையான பிழை, ஒழுங்கற்ற பிழை என்று நான் தேர்வுக்காக மனப்பாடம் செய்ததை அவர் தினமும் சுவரில் வைத்துப் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

மறுநாள் ஸ்கோப்பைக் கழற்றிவிட்டு, துப்பாக்கியின் சொந்தக் குறிமுள்ளை வைத்தே சுட்டேன். ஐந்து துளைகளும் நெருங்கி விழுந்தன. மாமா சுட்டபோது சற்று அகன்றன, ஆனால் சிதறவில்லை. ஆக, துப்பாக்கியும் சரி, மாமாவின் கையும் கண்ணும் சரி. ஸ்கோப்பை மீண்டும் பொருத்தி, அதைப் பிடிக்கும் வளையத்தின் ஓரமாகக் குழாயின்மேல் பென்சிலால் ஒரு கோடு போட்டேன். பத்துக் குண்டு சுட்ட பிறகு பார்த்தால், கோடு வளையத்தைவிட்டு ஒரு நெல் அகலம் பின்னால் போயிருந்தது!

காரணம் நம் பாடப் புத்தகத்திலேயே இருக்கிறது. சுருள்வில் வைத்த காற்றுத் துப்பாக்கி இரண்டு முறை உதைக்கிறது. வில் விடுபட்டுப் பிஸ்டனை முன்னால் தள்ளும்போது, நியூட்டனின் மூன்றாம் விதிப்படி துப்பாக்கி பின்னால் வருகிறது. சிலிண்டர் முனையில் அழுந்திய காற்றில் மோதிப் பிஸ்டன் நிற்கும்போது, துப்பாக்கி முன்னால் வெட்டி இழுக்கப்படுகிறது. மேலே உட்கார்ந்திருக்கும் ஸ்கோப் நிலைமத்தால் பின்தங்குகிறது. வளையத்தின் திருகாணி சற்றே தளர்ந்திருந்தாலும் போதும், ஒவ்வொரு குண்டுக்கும் மயிரிழை மயிரிழையாக நழுவும். நான் செய்த கெடுதல் வேறு. குமிழைக் கடைசிவரை திருகியதால் உள்குழாயைத் தாங்கும் வில் வலுவிழந்து, குறுக்குக் கம்பியே நிலையாக நிற்கவில்லை. குமிழ்களை நடுவுக்குக் கொண்டுவந்து, வளையங்களை எண்ணெய்ப் பிசுக்குப் போகத் துடைத்து, திருகாணிகளை மாற்றி மாற்றிச் சமமாக முடுக்கினோம். குழல் மடங்கும் இடத்திலிருந்த போல்ட்டையும் இறுக்கினோம். கண்ணை அசைத்தால் கம்பியும் இலக்கின்மேல் நகர்கிற இடமாறு தோற்றப்பிழை கொஞ்சம் மிச்சமிருந்தது. அதற்குக் கன்னத்தை ஒரே இடத்தில் வைத்தால் போதும்.

ஒலிம்பிக் பத்து மீட்டர் போட்டியில் ஸ்கோப் கிடையாது. துளை வழியாகத்தான் குறி பார்க்க வேண்டும். பத்துப் புள்ளிக்குரிய நடுப்பொட்டின் விட்டம் அரை மில்லிமீட்டர். 2004-இல் ஏதென்சில் அபினவ் பிந்த்ரா தகுதிச் சுற்றில் 597 எடுத்து இறுதிக்கு வந்து, அங்கே ஏழாமிடத்துக்குச் சரிந்தார். தாம் நின்ற இடத்தின் தரை ஓடு சரியாகப் பதியாமல் இருந்தது என்பது பிறகே அவருக்குத் தெரிந்தது. 2008-இல் பெய்ஜிங்கில் இறுதிக்கு முந்தைய ஒத்திகைக் குண்டு எங்கோ விலகி விழுந்தது. குறிக்கருவியை யாரோ தொட்டிருக்க வேண்டும் என்று சந்தேகித்த அவர், இருந்த சில நிமிடங்களில் அதைச் சரிசெய்தார். கடைசிக் குண்டு 10.8, மொத்தம் 700.5, தங்கம். 2012-இல் இலண்டனில் இதே போட்டியில் வெண்கலம் வென்ற ககன் நரங் நம் சென்னையில் பிறந்தவர். தரை ஓடு வரை சந்தேகிக்கும் இந்த வித்தையை, நாற்பது மார்க்குக்குச் செய்முறை செய்யும் நாம் ஏன் கற்கவில்லை?

இனி என் குற்றத்தைச் சொல்ல வேண்டும். சென்ற பருவத்தில் ஸ்பெக்ட்ரோமீட்டரில் கண்ணாடி முப்பட்டகத்தின் ஒளிவிலகல் எண் எனக்கு 1.61 வந்தது. பக்கத்து மேசையில் எல்லாருக்கும் 1.52. ஆங்கில வழியில் பள்ளி முடித்தவர்கள் அவர்கள். 'நமக்கு மண்டையில் ஏறவில்லை' என்றுதான் முதலில் தோன்றியது. மாமாவுக்குக் கண் போனது போல எனக்கு மண்டை போயிற்று! யாரிடமும் கேட்கவில்லை. 1.52 வருகிற மாதிரி விலகு கோணத்தைப் பின்னாலிருந்து கணக்கிட்டு எழுதினேன். சிவப்பு மையில் 'நன்று' கிடைத்தது. அந்தக் கருவியில் எந்தத் திருகாணி தளர்ந்திருந்ததோ, இன்றுவரை எனக்குத் தெரியாது. நான் தேடவே இல்லையே!

ஆசிரியப் பெருமக்கள் பொறுத்தருள வேண்டும். இதை நான் ஒருவன் மட்டும் செய்யவில்லை. சரியான விடைக்கு மட்டும் மதிப்பெண் என்றால், மாணவன் விடையைத்தான் செய்வான். சோதனையைச் செய்ய மாட்டான். அதிலும் வீட்டில் கேட்க ஆளில்லாமல் வருகிற எங்களைப் போன்றவர்கள், தவறான விடையைக் கருவியின் பிழை என்று எண்ணத் துணிவதே இல்லை. ஆகவே பதிவேட்டில் ஒரு பக்கம் ஒதுக்குங்கள். விடை ஏன் விலகியது, எதையெல்லாம் சோதித்தேன், எது ஆடியது என்று அதில் எழுதுகிறோம். பாதி மதிப்பெண்ணை அதற்குக் கொடுங்கள்.

மாமா துப்பாக்கியைக் கொடுக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை ஐந்து குண்டு சுட்டார். ஐந்தும் ஓர் ஐந்து ரூபாய் நாணயத்தில் அடங்கின. அட்டையைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "கண்ணு பரவாயில்லையே தம்பி" என்றார்.

அடுத்த மாதம் ஸ்பெக்ட்ரோமீட்டர் மறுபடி வருகிறது. எனக்கு வருவதையே எழுதப்போகிறேன். அந்தப் பக்கத்துக்கு மதிப்பெண் உண்டா என்று துறைத் தலைவர் ஐயாவைக் கேட்க வேண்டும். இரண்டு முறை அறை வாசல்வரை போய்த் திரும்பி வந்துவிட்டேன்.