சாகும்போது சங்கரா!

பகுத்தறிவு பேசுகிறவர்களைப் பார்த்து வைதீகர்கள் வழக்கமாகச் சொல்லும் வார்த்தை ஒன்று உண்டு. “இப்போது உடம்பில் ரத்தம் ஓடுகிறது, பேசுகிறாய், நாளைக்குப் படுக்கையில் விழுந்தால் சங்கரா சங்கரா என்று தானாக அலறுவாய்” என்பதே அது. மற்ற வாதங்களிலெல்லாம் தோற்றவர்கள் கடைசியாக மரணத்தைச் சாட்சிக்குக் கூப்பிடுகிறார்கள். சரி, அந்தச் சாட்சியையே விசாரித்துப் பார்ப்போம்.

ஸ்காட்லாந்து தேசத்தில் 1711-ல் பிறந்த டேவிட் ஹியூம் என்னும் அறிஞர் மதத்தின் அற்புதங்களைத் துணிந்து கேள்வி கேட்டவர். மதவிரோதி என்று பாதிரிகள் எதிர்த்ததால், 1745-ல் எடின்பரோ சர்வகலாசாலையில் ஆசிரியர் பதவி அவருக்குக் கிடைக்காமற்போயிற்று. 1775-ல் அவருக்குக் குடல் நோய் கண்டது. பிழைப்பதற்கில்லை என்பதை அவரே தெரிந்துகொண்டார். 1776 ஜூலை 7-ந் தேதி ஜேம்ஸ் பாஸ்வெல் என்பவர், சாவு எதிரே நிற்கும்போதாவது இவருக்கு மறுமை நம்பிக்கை வருகிறதா என்று அறியப் போனார். இல்லாமற்போவதை நினைத்தால் பயமில்லையா என்று கேட்டார். பிறப்பதற்கு முன் நான் இல்லாமலிருந்ததை நினைத்து எப்படி வருத்தமில்லையோ, அப்படியே இதற்கும் வருத்தமில்லை என்பதுதான் ஹியூமின் பதில். கலங்கித் திரும்பியவர் நோயாளியல்ல, பார்க்கப் போனவர்!

கிரேக்கர் புராணத்தில் செத்தவர்களை ஆறு கடத்தும் ஓடக்காரன் ஒருவன் உண்டு. அவனிடம் தவணை கேட்க என்ன சாக்குச் சொல்லலாம் என்று ஹியூம் வேடிக்கையாக யோசித்துப் பார்த்தாராம். கட்டி முடியாத வீடு இல்லை. கரையேற்றவேண்டிய பெண் இல்லை. பழிதீர்க்கவேண்டிய பகைவனும் இல்லை. மூடநம்பிக்கைகள் ஒழிவதைக் கண்ணால் பார்த்துவிட்டு வருகிறேன் என்றால், அதற்கு இன்னும் பல நூறு வருஷம் ஆகுமே, ஏறு ஓடத்தில் என்பானாம் அவன்! அந்த ஆகஸ்டு 25-ந் தேதி ஹியூம் தமது 65-வது வயதில் அமைதியாக இறந்தார். இவற்றையெல்லாம் எழுதி வெளியிட்டவர் அவர் நண்பர் ஆடம் ஸ்மித். பொருளாதார நூலில் இங்கிலாந்தின் வியாபார முறை முழுவதையும் தாக்கியதற்குக் கிடைத்த வசவைவிட, இந்த ஒரு கடிதத்துக்குப் பத்து மடங்கு வசவு கிடைத்தது என்று அவரே பின்னால் சொன்னார். நாத்திகன் நல்லபடி செத்தான் என்பதை மதக்காரர்களால் பொறுக்க முடியவில்லை.

அமைதியாகச் செத்ததாலேயே ஒருவர் கொள்கை மெய்யாகிவிடும் என்று நாம் சொல்லவில்லை. பக்தர்களிலும் அமைதியாகச் செத்தவர்கள் உண்டு. அதுபோலவே, வலி தாங்காமல் ஒருவர் அலறினால் அதனால் கடவுள் ருஜுவாகிவிடவும் மாட்டார். ஆனால் ஹியூமின் வேடிக்கைப் பேச்சுக்குள் ஒரு பெரிய விஷயம் இருக்கிறது. செத்தபின் எங்கே போவோம் என்று அவர் கவலைப்படவில்லை. செய்யவேண்டியதில் எதை மிச்சம் வைத்திருக்கிறோம் என்றே கணக்குப் பார்த்தார். முதல் கேள்விக்குப் பதில் சொல்லத்தான் புரோகிதனும் பாதிரியும் தட்சணையோடு காத்திருக்கிறார்கள். இரண்டாவது கேள்விக்குப் பதில் நம் கையில்தான் இருக்கிறது.

ஆதலால் வாசகர்களுக்கு நாம் சொல்வது இதுதான். பட்ட கடனை இன்றே ஒரு தாளில் எழுதிவையுங்கள். ஆண் பெண் வித்தியாசமின்றி மக்களுக்குச் சேரவேண்டிய பங்கை எழுதிப் பதிவு செய்யுங்கள். சடங்கு வேண்டாமென்றால், உடலை வைத்தியப் படிப்புக்குக் கொடுப்பதென்றால், நினைவு நன்றாக இருக்கும்போதே வீட்டாருக்குச் சொல்லிவிடுங்கள். பேசாதிருக்கும் அண்ணன் தம்பியிடம் போய்ப் பேசுங்கள். மேடையில் பகுத்தறிவு பேசிவிட்டுச் சாவுச் செலவுக்குப் பிள்ளைகளைக் கடனில் தள்ளிப்போவது யோக்கியமாகாது. நாள் ஒன்றுதான் பாக்கி என்றால் எதைச் செய்வோமோ, அதை நாள் நிறைய இருக்கும்போதே செய்கிறவனுக்குச் சங்கரனும் வேண்டியதில்லை, சாக்கும் வேண்டியதில்லை.